ஹவாய்க்குக் கப்பலில்: நடுக்கடலில் ஒன்பது நாள் தாங்குமா? கேள்வி பதில்

கலிஃபோர்னியாவிலிருந்து ஹவாய் போய்த் திரும்பும் 15, 16 நாள் கப்பல் பயணத்தைப் பற்றிப் போன முறை போகிற போக்கில் இரண்டு வரி சொல்லியிருந்தேன். அதில் பாதிக்கு மேல் கரையே தெரியாத நாட்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

ஃப்ரீமாண்ட்டிலிருந்து ஒரு தம்பதி: அக்கா, நாங்கள் ஏழு நாள் அலாஸ்கா மட்டும்தான் போயிருக்கிறோம். இப்போது லாஸ் ஏஞ்சலஸிலிருந்து 16 நாள் ஹவாய் பார்த்து வைத்திருக்கிறோம். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் அலாஸ்காவைவிட மலிவு. ஆனால் ஒன்பது நாள் கடலிலேயே. கொடுக்கிற காசுக்கு ஈடாகுமா?

முதலில் மணிக்கணக்கைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸுக்கும் ஹவாய்க்கும் நடுவே சுமார் 2,200 கடல் மைல். கப்பல் மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் போனாலும் ஒரு நாளைக்கு 480தான். போக நாலரை நாள், வர நாலரை நாள். இதை எந்தக் கம்பெனியாலும் குறைக்க முடியாது. நடுவில் ஹிலோ, ஹொனலுலு, கவாய், மாவி என்று நாலு துறைமுகம். ஒவ்வொன்றிலும் எட்டிலிருந்து பத்து மணி நேரம். ஆக 16 நாள் பயணத்தில் ஹவாய் மண்ணில் உங்கள் கால் படுவது 40 மணி நேரத்துக்குள்.

ஹவாய் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் வேண்டவே வேண்டாம். விமானம் ஏறினால் ஐந்தரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். கடலில் இருக்கத்தான் போகிறீர்கள், வழியில் ஹவாயும் வருகிறது என்றால் தாராளமாகப் போங்கள். இந்த இரண்டில் நீங்கள் எது என்று உங்களுக்கே தெரியும். கணவனும் மனைவியும் தனித்தனியாகக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். பல வீடுகளில் விடை ஒன்றாக வராது.

மலிவு விஷயத்துக்கு வருவோம். துறைமுகம் இல்லாத நாளில் துறைமுகக் கட்டணம் இல்லை, நீங்களும் வெளியே சுற்றுலா எடுக்கப் போவதில்லை. அது நிஜமான மிச்சம். ஆனால் கரையில் நிற்கும்போது மூடிக் கிடக்கும் கேசினோவும் கடைகளும் கடலில் நாள் முழுக்கத் திறந்திருக்கும். ஸ்பா, பிங்கோ, ஓவிய ஏலம் எல்லாம் அன்றைக்குத்தான் களைகட்டும். டிப்ஸும் நாள்கணக்குதான். ஒருவருக்கு நாளைக்கு 17 டாலர் என்று வைத்தால்கூட இருவருக்கு 16 நாளில் 544 டாலர். வகுத்துப் பார்த்த தொகையில் இதைச் சேர்த்தீர்களா?

சான் ஹோசே வாசகர்: ஒன்பது நாள் என்னதான் செய்வது? எனக்கு ஞாயிற்றுக்கிழமை மாலையே போரடிக்கும்.

தனியாக ஒரு கடல் நாள் வருவது வேறு, தொடர்ந்து நாலைந்து வருவது வேறு. ஏழு நாள் பயணத்தின் நடுவே வரும் ஒற்றைக் கடல் நாளில் எல்லோரும் தூங்குவார்கள், துணி மடிப்பார்கள், நீச்சல் குளத்தருகே நாற்காலிக்குச் சண்டை போடுவார்கள். ஹவாய் வழியில் முதல் நாள் அப்படித்தான் போகும். இரண்டாம் நாள்தான் சோதனை. வேலை நாள் பழக்கத்தில் கை போனைத் தேடும், எதையோ தவறவிட்ட மாதிரி டெக்கைச் சுற்றிச் சுற்றி வருவோம். மூன்றாம் நாள் காலையில் உடம்பு ஒரு ஒழுங்குக்கு வந்துவிடும். நடை, காபி, ஒரு வகுப்பு, சாப்பாடு, குட்டித் தூக்கம், மாலையில் அதே மூலையில் அதே நாலு பேர். இந்த மூன்றாம் நாளுக்காகத்தான் பலர் நீண்ட பயணத்தைத் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். ஏழு நாள் பயணத்தில் அது வருவதே இல்லை.

ஹவாய் பயணங்களில் உக்குலேலே வகுப்பு ஒன்று அநேகமாக இருக்கும். நாலு கம்பி உள்ள சின்ன கிட்டார். முதல் நாள் எழுபது வயதுக்காரர்கள் ஐம்பது பேர் ஆளுக்கொரு சுருதியில் மீட்டும்போது காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். பக்கத்து இருக்கைக்காரர் உங்கள் விரலைப் பிடித்து இரண்டாவது கட்டையில் வைத்துவிடுவார். திரும்பி வருகிற வழியில் இதே கூட்டம் மேடையேறிக் கச்சேரியே செய்துவிடும். ஹுலா நடனமும் பூமாலை கட்டுவதும் அப்படித்தான். பூத்தொடுக்கத் தெரிந்த நம்மூர் அம்மாக்கள் அங்கே ஐந்து நிமிடத்தில் வாத்தியார் ஆகிவிடுகிறார்கள்!

மதியம் பன்னிரண்டுக்குக் கேப்டன் ஒலிபெருக்கியில் வருவார். எங்கே இருக்கிறோம், காற்று எந்தத் திசை, கீழே ஆழம் எவ்வளவு என்று சொல்வார். நாலாயிரம் மீட்டருக்கு மேல் என்று கேட்டதும் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு நொடி கரண்டிச் சத்தம் நிற்கும்.

ஆனால் ஒன்று. ஞாயிறு மாலையே போரடிக்கிறவர் என்று நீங்களே சொல்கிறீர்கள். உங்களுக்கு இது வேண்டாம். புத்தகமோ சீட்டோ பேச்சோ, ஏதாவது ஒன்றில் மணிக்கணக்காக மூழ்கத் தெரிந்தவர்களுக்குத்தான் இது.

சன்னிவேல்: எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். ஹவாய் அமெரிக்காதானே? பிறகு ஏன் திட்டத்தில் மெக்சிகோவின் என்செனாடா வருகிறது? பாஸ்போர்ட் சிக்கல் வருமா?

இது 1886ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றால் வருவது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்குள்ளேயே பயணிகளை ஏற்றிச் சுற்றிக் கொண்டுவந்து விடக் கூடாது. நடுவில் வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொட வேண்டும். பெரிய கப்பல்களில் பெரும்பாலானவை பஹாமாஸ், பெர்முடா, பனாமா போன்ற நாடுகளில் பதிவானவை. அதனால் கடைசி நாளில் என்செனாடாவில் சில மணி நேரம் நிற்கும். பாதிப் பேர் இறங்கவே மாட்டார்கள்.

உங்களைப் பொறுத்தவரை இது சும்மா நிறுத்தம் அல்ல. மெக்சிகோவைத் தொட்டுவிட்டு வருவதால் அமெரிக்காவுக்குள் மறுபடி நுழைகிற கணக்கு. பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் அமெரிக்க விசா ஸ்டாம்ப் இருந்தால் இந்தியருக்கு மெக்சிகோ விசா தனியாகத் தேவையில்லை. ஸ்டாம்ப் காலாவதியாகி ஐ-797 என்ற ஒப்புதல் காகிதம் மட்டும் கையில் இருந்தால், முன்பணம் கட்டுவதற்கு முன் உங்கள் வழக்கறிஞரிடமும் கப்பல் கம்பெனியிடமும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். துறைமுக வாசலில் ஏற்ற மறுத்தால் பணம் திரும்பாது. ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை அழைத்துப் போகிறவர்களும் அவர்களுடைய விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா, ஐ-94இல் தங்க அனுமதித்திருக்கும் தேதி எப்போது முடிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சாக்ரமெண்டோ: அப்பாவுக்கு 74, சர்க்கரையும் பிரஷரும். அம்மாவுக்கு ஊட்டி பஸ்ஸிலேயே வாந்தி. இருவரையும் அழைத்துப் போகலாமா?

அம்மா விஷயம் சமாளிக்கக் கூடியது. கலிஃபோர்னியாவை விட்டுக் கிளம்பிய முதல் ஒன்றிரண்டு நாள் குளிரும், அலையும் இருக்கும். அதன்பின் வடகிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்று முதுகுப் பக்கம் இருப்பதால் போகும்போது பெரும்பாலும் சுகம். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும், கப்பல் மூக்கைத் தூக்கித் தூக்கிப் போடும். பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கத்தான் கப்பலில் இறக்கைகள் உண்டு. முன்பின் ஆட்டத்துக்கு அவை உதவாது. ஆகவே நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை எடுங்கள். மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, ஆட்டம் தொடங்குமுன் போட வேண்டும். தொடங்கிய பிறகு போட்டுப் பெரிய பயன் இல்லை. பச்சை ஆப்பிளும் இஞ்சி மிட்டாயும் கப்பலிலேயே கேட்டால் கொடுப்பார்கள்.

அப்பா விஷயத்தில்தான் நான் யோசிப்பேன். பாதி வழியில் இரண்டு கரைக்கும் ஆயிரம் கடல் மைலுக்கு மேல். அங்கே ஹெலிகாப்டர் வராது. கப்பலில் டாக்டரும் சின்ன மருத்துவமனையும் உண்டு. காய்ச்சல், தையல், ஒரு சலைன் வரை சரி. நெஞ்சுவலி என்றால் அடுத்த கரை இரண்டு நாளுக்கு அப்பால். சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்குள் இருந்து, அண்மையில் இதயத் தொந்தரவு எதுவும் இல்லை, அவருடைய டாக்டர் சரி என்கிறார் என்றால் போகலாம். மருந்தை இரண்டு வாரம் கூடுதலாக, கைப்பையில் வையுங்கள். பார்வையாளர் காப்பீடு எடுத்திருந்தால் அது கப்பலுக்குள்ளும் செல்லுமா, அவசரமாக வெளியேற்றும் செலவைத் தருமா என்று படியுங்கள். பல பாலிசிகளில் இது பொடி எழுத்தில் கிடக்கிறது. சந்தேகம் இருந்தால் அலாஸ்காவுக்கு அழைத்துப் போங்கள், அங்கே கரை எப்போதும் பக்கத்தில்.

இர்வைன்: சுத்த சைவம். பதினாறு நாள் சாலட்டிலேயே ஓட்ட வேண்டுமா?

இல்லை. இரவுச் சாப்பாட்டுக்கு ஒரே மேசை, ஒரே நேரம் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நாளே மேற்பார்வையாளரிடம் இந்திய சைவம் என்று சொன்னால் ஒவ்வொரு இரவும் மறுநாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்பார். பருப்பு, பனீர், சப்பாத்தி நிச்சயம். சமையலறையில் இந்தியர்கள் இருந்தால் நாலாம் நாள் உங்களுக்கென்று உப்புமா வரும். நீண்ட பயணத்தின் லாபம் அதுதான், ஆட்களுக்கு உங்கள் வாய் தெரிந்துவிடும். ரசத்தை எதிர்பார்க்காதீர்கள். மூடி பிரிக்காத ஊறுகாய், பருப்புப் பொடி கொண்டுபோகலாம். ரைஸ் குக்கரும் மின்சாரக் கெட்டிலும் பெட்டி சோதனையிலேயே பிடிபட்டுவிடும், முயலாதீர்கள். கப்பல் பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஹவாயில் இறங்கவும் கூடாது.

சான் டியேகோ: பையனுக்கு எட்டு வயது. குளிர்கால விடுமுறையில் போகலாமா?

வேண்டாம். சக பயணிகளில் பெரும்பாலோர் ஓய்வுபெற்றவர்கள். அவன் வயதில் கப்பல் முழுக்க நாலு குழந்தைகள் இருந்தால் அதிசயம்.

டப்ளின், கலிஃபோர்னியா: பால்கனி அறைக்குக் கூடுதலாகக் கொடுப்பது வீண்தானே, பார்க்கத்தான் ஒன்றும் இல்லையே?

நான் இதில் எதிர்க்கட்சி. தினமும் ஊர் சுற்றும் பயணத்தில்தான் பால்கனி வீண், அறையில் இருப்பதே தூங்கத்தானே. கடல் நாட்களில் கதவைத் திறந்து வைத்து உட்கார ஒரு சொந்த இடம் இருப்பது, பொது டெக் கூட்டத்திலிருந்து விடுதலை. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். போகும்போது கப்பல் மேற்கும் தென்மேற்குமாகப் போவதால் இடப்பக்கம் வெயில், திரும்பும்போது வலப்பக்கம். எந்தப் பக்கம் எடுத்தாலும் பாதிப் பயணத்துக்கு வெயில் கிடைக்கும். கையில் காசு குறைவென்றால் உள்ளறை எடுத்து, மேலே நடைபாதைத் தளம் உள்ள கப்பலாகப் பாருங்கள். பிரின்சஸ், கார்னிவல் கப்பல்களில் நாமே துவைக்கும் இயந்திரம் உண்டு. கடல் நாள் காலையில் அங்கே கூட்டம், இரவுச் சாப்பாட்டு நேரத்தில் போங்கள்.

ஹூஸ்டன், ஓய்வுபெற்ற ஆசிரியர்: எனக்குத் தீவுகளைப் பார்க்க வேண்டும், கப்பலிலும் போக வேண்டும். வழி உண்டா அம்மா?

உண்டு ஐயா. நார்வீஜியன் கம்பெனியின் பிரைட் ஆஃப் அமெரிக்கா, 2005லிருந்து ஓடுகிறது. அமெரிக்கக் கொடி, பெரும்பாலும் அமெரிக்க ஊழியர்கள். அதனால் என்செனாடா தேவையில்லை. ஹொனலுலுவில் ஏறி ஏழு நாளில் நாலு தீவு. மாவியிலும் கவாயிலும் இரவு தங்கும். முழுக் கடல் நாள் ஒன்றுகூடக் கிடையாது, கடைசி மாலை கவாயின் நாபாலி மலைச்சரிவை ஒட்டி மெதுவாகப் போவதோடு சரி. ஹவாயில் சூதாட்டம் சட்டவிரோதம் என்பதால் கேசினோவும் இல்லை. விமானச் செலவு தனி, நாளுக்குக் கணக்கிட்டால் விலையும் அதிகம். ஆனால் பார்ப்பது மும்மடங்கு.

கவாயில் ஒரு முற்பகலை ஒதுக்குங்கள். யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகளிடம் தீட்சை பெற்ற அமெரிக்கரான சிவாய சுப்பிரமுனியசுவாமி 1970இல் தொடங்கிய சைவ ஆதீனம் அங்கே இருக்கிறது. அதன் இறைவன் கோயிலுக்கான கருங்கல் முழுவதும் பெங்களூரு அருகே கையால் செதுக்கப்பட்டுக் கப்பலில் வந்தது, 2023இல் கும்பாபிஷேகம். துறைமுகத்திலிருந்து காரில் அரை மணி. பார்வையாளர்களுக்குக் காலை நேரம் மட்டும்தான், முன்கூட்டியே பதிய வேண்டும். மதியம் போய் நின்றால் கதவைத்தான் பார்க்கலாம்.

லண்டன்: சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்குக் குயின் மேரி 2. ஏழு இரவு, ஒரு துறைமுகமும் இல்லை. இதற்கும் உங்கள் பதில் அதேதானா?

அதேதான், இன்னும் தெளிவாக. அங்கே கடலைக் கடப்பதே நோக்கம், ஏமாற்றம் என்று ஒன்றும் இல்லை. பெரிய நூலகமும் கோளரங்கமும் கொண்ட கப்பல். மேற்கு நோக்கிப் போங்கள்: ஐந்து இரவுகளில் கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளுவார்கள், அந்த ஐந்து நாட்களுக்கும் 25 மணி நேரம். கிழக்கே வந்தால் அந்த ஐந்து மணியையும் பிடுங்கிக்கொள்வார்கள்.

சிங்கப்பூர்: மூன்று இரவு பினாங்கு போதுமா, ஐந்து இரவு எடுக்கவா? கூடுதல் இரண்டு நாளில் ஒன்று கடல்தான்.

அங்கிருந்து கிளம்பும் பெரிய கப்பல்களில் கப்பல்தான் ஊரே. 2020 கடைசியில் எந்த ஊருக்கும் போகாமல் கடலில் சுற்றிவிட்டுத் திரும்பும் பயணங்களுக்கே உங்கள் ஊரில் ஆட்கள் ஏறினார்கள். ஐந்து எடுங்கள். பள்ளி விடுமுறை வாரத்தை மட்டும் தவிருங்கள், குளத்தில் தண்ணீர் தெரியாது.

மீண்டும் சன்னிவேல்: கப்பலில் இன்டர்நெட் இருக்கிறதாம், விடுப்பு எடுக்காமல் அங்கிருந்தே வேலை பார்த்துவிடலாமா?

ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையம் வந்த பிறகு பல கப்பல்களில் வீடியோ பேசுகிற அளவுக்கு இணைப்பு தேறிவிட்டது. ஆனால் ஹவாய் நேரம் உங்கள் ஊரைவிடக் குளிர்காலத்தில் இரண்டு மணி பின்னால்; ஒன்பது மணி மீட்டிங் உங்களுக்குக் காலை ஏழு. உக்குலேலே வகுப்பு எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டு மேனேஜரிடம் பேசுங்கள்.