இலவச மென்பொருள்கள்: வன்னி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இம்முறை நூலகங்களிலிருந்தும் வாசிகசாலைகளிலிருந்தும் வந்த கேள்விகளுக்கு முதலிடம் தந்திருக்கிறேன். வீட்டுக் கணினி பற்றிய கேள்விகள் அடுத்து வருகின்றன.

எங்கள் பாடசாலை நூலகத்தில் ஏறத்தாழ மூவாயிரம் நூல்கள் இருக்கின்றன. கணினி ஒன்றுதான். "கோஹா" என்ற நூலக மென்பொருள் இலவசம், அதை நிறுவுங்கள் என்கிறார்கள். நிறுவலாமா?
– நூலகப் பொறுப்பாசிரியை, கிளிநொச்சி

கோஹா நல்ல மென்பொருள் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. நியூசிலாந்தின் ஹோரோவெனுவா என்ற சிறிய மாவட்டத்தின் நூலகங்களுக்காக 1999இல் எழுதப்பட்டது அது. அவர்களிடம் இருந்த பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாண்டாது என்ற நெருக்கடி வந்தபோது, புதியது ஒன்றை எழுதுவித்து, உலகம் முழுவதும் இலவசமாகப் பயன்படுத்தும்படி திறந்துவிட்டார்கள். நூற்பட்டியல், இரவல், உறுப்பினர் விவரம், தண்டப்பணம், பருவ இதழ்கள் எல்லாவற்றையும் அது கவனிக்கும்.

ஆனாலும் உங்களுக்கு என் பதில், இப்போது வேண்டாம் என்பதே. கோஹா, விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸ் உள்ள வழங்கியில் (சேவையகக் கணினியில்) ஓடுவது. அதை இற்றைப்படுத்தவும், பழுது வந்தால் பார்க்கவும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்படி ஒருவர் ஆர்வத்தோடு நிறுவித் தந்துவிட்டு இடமாற்றம் பெற்றுப் போனால், அதன் பிறகு அந்தக் கணினியைத் தொடவே மற்றவர்கள் தயங்குவார்கள்.

லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் தொகுப்பில் உள்ள "கால்க்" விரிதாளில் தொடங்குங்கள். ஒரு நூலுக்கு ஒரு வரிசை. சேர்க்கை இலக்கம், ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், இடம், ஆண்டு, தூயி பகுப்பெண் (நூலைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் எண்), ஐஎஸ்பிஎன் (நூலுக்குரிய சர்வதேச இலக்கம்), குறிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனி நிரல் வையுங்கள். ஆசிரியர் இருவர் என்றால் இரு பெயர்களையும் எப்போதும் ஒரே குறியால் பிரியுங்கள். ஆண்டு நிரலில் ஆண்டைத் தவிர வேறொன்றும் எழுதாதீர்கள். "இரண்டாம் பதிப்பு" என்பது குறிப்பு நிரலுக்கு உரியது. தமிழ் இலக்கியத்துக்கு 894.811, இலங்கை வரலாற்றுக்கு 954.93 என்று பகுப்பெண்களை முழுமையாகவே எழுதுங்கள். 955 என்றோ, 978-க்குப் பின் 955 அல்லது 624 என்றோ தொடங்கும் ஐஎஸ்பிஎன் இலங்கையில் வழங்கப்பட்டது. உள்ளூர் வெளியீடுகளைப் பிரித்தறிய அது உதவும்.

இப்படி ஒழுங்காக எழுதிய விரிதாளை நாளைக்கு "மார்க்எடிட்" என்ற இலவசக் கருவியால் நூலக மென்பொருள்கள் புரிந்துகொள்ளும் மார்க் 21 வடிவத்துக்கு மாற்றி, கோஹாவில் ஏற்றிவிடலாம். இன்று செய்யும் வேலை வீண்போகாது. எந்த மென்பொருளைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: உள்ளே இட்டதை நாமே வெளியே எடுக்க முடியுமா? முடியாதென்றால் இலவசமாகக் கிடைத்தாலும் எனக்கு அது வேண்டாம்.

அதே விரிதாளின் பிரதி ஒன்றைப் பென்டிரைவில் இட்டு அதிபரின் அலுவலகத்திலும், இன்னொன்றை கூகுள் டிரைவிலும் வையுங்கள். 2008இலும் 2009இலும் இடம்பெயர்ந்தபோது நூல்களோடு பதிவேடுகளும் அழிந்தன. எந்த நூல்கள் இருந்தன என்று சொல்லும் சான்றுகூட மிஞ்சாத இழப்பு அது. பட்டியல் ஒரே கட்டடத்தில், ஒரே கணினியில் இருக்கக் கூடாது.

எங்கள் பட்டியல் முழுவதும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. வேறு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகிறது. திரும்பவும் அடிக்க வேண்டுமா?
– வாசிகசாலைச் செயலாளர், மல்லாவி

வேண்டாம், மாற்றிவிடலாம். பாமினியில் நீங்கள் "அம்மா" என்று அடிக்கும்போது கணினி சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கில விசைகளை. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் அந்த உருவம் கழன்றுவிடும். கணினியைப் பொறுத்தவரை அங்கே தமிழ் இருந்ததே இல்லை. அதனால்தான் தேடினாலும் கிடைப்பதில்லை, அகர வரிசையும் சரியாக வருவதில்லை.

"என்எச்எம் கன்வெர்ட்டர்" என்ற இலவச மென்பொருள் பாமினியை யுனிகோடாக, அதாவது எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறிமுறையாக, மாற்றும். இணையத்திலேயே மாற்றித் தரும் பக்கங்களும் இருக்கின்றன. மூலக் கோப்பைத் தொடாமல், அதன் பிரதியில் வேலை செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒரு நிரலை மட்டும் நகலெடுத்து மாற்றி, அதே இடத்தில் ஒட்டுங்கள். உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருக்கும் நிரலை மாற்றியில் இடாதீர்கள். அது ஆங்கிலத்தையும் தமிழாக்கிச் சிதைத்துவிடும். முடிந்ததும் பத்திருபது வரிசைகளை நூலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

விரிதாளைச் சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக) சேமிக்கும்போது எழுத்துக்குறி வகை கேட்கப்படும் இடத்தில் யூடிஎப்-8 என்பதைத் தெரிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடக் கூடும். பாமினி விசைப்பலகைக்குப் பழகிய விரல்களை மாற்ற வேண்டியதில்லை. "என்எச்எம் ரைட்டர்" நிறுவி, பாமினி விசைப்பலகையைத் தெரிவு செய்தால், பழைய முறையில் அடிப்பதே யுனிகோடாக வரும்.

எனக்குப் பார்வை இல்லை. கணினியில் தமிழை வாசித்துக் காட்டும் இலவச மென்பொருள் உண்டா?
– வாசகர், விசுவமடு

உண்டு. "என்விடிஏ" என்ற திரைவாசிப்பான் 2006இல் ஆஸ்திரேலியாவில், பார்வையற்ற ஒருவரால் தொடங்கப்பட்டது, இன்றுவரை இலவசம். அதோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழ் வாசிக்கும், சற்று இயந்திரத்தனமாக இருந்தாலும் வேகமானது. விண்டோஸில் தமிழ் மொழிக்கான பேச்சு வசதியை நிறுவினால் "வள்ளுவர்" என்ற குரலையும் பயன்படுத்தலாம். கைப்பேசியில் ஆண்ட்ராய்டின் "டாக்பேக்" இதே வேலையைச் செய்யும்.

நூலகர்களும் அலுவலர்களும் இந்த இடத்தைக் கவனித்து வாசிக்க வேண்டும். பாமினியில் உள்ள கடிதத்தை என்விடிஏ ஆங்கில எழுத்துக் குவியலாகவே வாசிக்கும். ஸ்கேன் செய்து வெறும் படமாக வைத்த பிடிஎப் என்றால் அதில் வாசிக்க எதுவுமே இராது. போரில் பார்வை இழந்தவர்கள் வாழும் மாவட்டங்களில் ஓர் அறிவித்தலை யுனிகோடில் அடிப்பது அவர்களுக்கு நாம் செய்தே ஆக வேண்டிய கடமை.

எங்கள் வீட்டில் கையெழுத்தில் உள்ள கோவலன் கூத்துக் கொப்பி ஒன்றும், சில பழைய கோயில் மலர்களும் இருக்கின்றன. தாள் உதிரத் தொடங்கிவிட்டது. எப்படிப் பாதுகாப்பது?
– வாசகர், முள்ளியவளை

தள்ளிப்போடாமல் இந்த வாரமே தொடங்குங்கள். ஸ்கேனர் கிடைத்தால் "நாப்ஸ்2" என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துங்கள். 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) தெளிவில், வண்ணத்தில். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மங்கிய மையும் பென்சில் குறிப்புகளும் மறைந்துவிடும். தாள் மடிப்பில் விரிசல் இருந்தால் ஸ்கேனரில் அழுத்தாதீர்கள். சாளரத்தோரம் மேசையில் விரித்து, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் கைப்பேசியால் மேலிருந்து நேராகப் படம் எடுங்கள். அட்டை, வெற்றுப்பக்கம், ஓரத்தில் எழுதிய பெயர்கள் எதையும் விடாதீர்கள். கூத்துக் கொப்பியில் யார் எந்தப் பாத்திரம் ஆடினார் என்ற குறிப்பு பெரும்பாலும் ஓரத்தில்தான் இருக்கும்.

அச்சிட்ட மலர்களுக்கு நாப்ஸ்2இலேயே தமிழ் எழுத்துணரியை (படத்திலுள்ள எழுத்தைத் தட்டச்சு எழுத்தாக மாற்றும் கருவியை) தரவிறக்கிக்கொள்ளலாம். அதன் பின்னால் இயங்குவது "டெசராக்ட்". 1985இல் எச்பி நிறுவனத்தில் தொடங்கி, 2005இல் திறந்த மூலமாக வெளிவந்தது. நல்ல அச்சை ஓரளவு திருத்தமாக வாசிக்கும், கையெழுத்தை வாசிக்காது. கொப்பியை யாராவது பார்த்து அடிக்கத்தான் வேண்டும். தட்டச்சு தெரியாதவர் என்றால், கைப்பேசியின் கூகுள் விசைப்பலகையில் "தமிழ் (இலங்கை)" குரல் உள்ளீட்டைத் தெரிவு செய்து வரி வரியாக வாசிக்கலாம். பாட்டறிந்த பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு செய்தால் பிழைகள் அங்கேயே திருந்தும்.

பிறகு "நூலகம்" நிறுவனத்தைத் தொடர்புகொள்ளுங்கள். இலங்கைத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் எண்ணிமமாக்கி, யாரும் வாசிக்கும்படி வைத்திருக்கிறார்கள். மலர்களைப் பொதுவில் வெளியிடுமுன் வெளியிட்டவர்களிடம் அனுமதி கேளுங்கள். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. உங்கள் வீட்டில் பிரதி வைத்துப் பாதுகாப்பதை அதற்காகத் தாமதிக்காதீர்கள்.

ஆய்வறிக்கைக்கு உசாத்துணைப் பட்டியல் தயாரிப்பதே பெரும் வேலையாக இருக்கிறது.
– மாணவி, அறிவியல்நகர்

உசாத்துணைகளைச் சேகரித்து ஒழுங்குபடுத்தும் "சொடெரோ" என்ற இலவச மென்பொருளை நிறுவுங்கள். உலாவியில் கட்டுரையைப் பார்க்கும்போது ஒரு சொடுக்கில் விவரம் சேரும். லிப்ரே ஆபிஸிலும் வேர்டிலும் மேற்கோளையும் பட்டியலையும் அதுவே அமைக்கும். இலவசச் சேமிப்பிடமான 300 எம்பி, இணைக்கும் கோப்புகளுக்கு மட்டுமே. விவரங்களுக்கு எல்லை இல்லை. தமிழ் நூல்களின் விவரத்தைப் பெரும்பாலும் நீங்களே அடிக்க வேண்டிவரும்.

மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். டேட்டா வாங்கிக் கட்டுப்படியாகவில்லை.
– தந்தை, நெடுங்கேணி

கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடநூல்கள் தமிழிலேயே பிடிஎப் ஆகக் கிடைக்கின்றன. ஒரு தடவை தரவிறக்கினால் போதும். கல்வி அமைச்சின் "ஈ-தக்சலாவ" தளத்தில் பாடங்களும் உண்டு.

அதைவிட, "கிவிக்ஸ்" செயலியைப் பற்றிப் பாடசாலையில் பேசிப் பாருங்கள். தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கிவைத்து, இணையம் இல்லாமல் வாசிக்கலாம். படங்கள் இல்லாத பதிப்பு அளவில் சிறியது. பாடசாலைக் கணினி ஒன்றில் அதை வைத்தால், வைஃபை வழியாகப் பிள்ளைகளின் கைப்பேசிகளிலும் டேட்டாச் செலவின்றித் திறக்கலாம்.

விண்டோஸ் 10 உள்ள பழைய கணினி. விண்டோஸ் 11 ஏறாது என்கிறார்கள். எறிந்துவிடவா?
– வாசகர், புதுக்குடியிருப்பு

எறியாதீர்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது உண்மை. கடைகளில் பூட்டுடைத்துப் போட்டுத் தரும் விண்டோஸ் பிரதிகளை நாடவும் வேண்டாம். வைரஸ் அவற்றோடு சேர்ந்தே வரும். நினைவகம் 4 ஜிபி இருந்தால், விண்டோஸுக்குப் பதிலாகப் பயன்படுத்தக்கூடிய "லினக்ஸ் மின்ட்" என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எப்சிஇ பதிப்பு தாராளமாக ஓடும். அதைப் பென்டிரைவில் இட்டு, வன்தட்டைத் தொடாமலே ஓட்டிப் பார்க்கலாம். உங்கள் அச்சுப்பொறியும் வைஃபையும் வேலை செய்கின்றனவா என்று அப்போதே பாருங்கள். வேலை செய்தால், படங்களையும் கோப்புகளையும் வெளி வன்தட்டுக்கு மாற்றி, அவை அங்கே திறக்கின்றனவா என்றும் பார்த்த பிறகு நிறுவுங்கள்.