ரொறன்ரோவில் நிலத்துக்கு அடியில் 3 பில்லியன் டொலரைச் செலவிடத்தான் வேண்டுமா?

தண்ணீர்க் கட்டணம் ஏறிக்கொண்டே போகும்போது, கண்ணுக்குத் தெரியாத கழிவுநீர்ச் சுரங்கங்களுக்கு மாநகரசபை இவ்வளவு பணத்தைக் கொட்டுவது தேவைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். அண்மையில் வீடு வாங்கி, முதல் கட்டணச் சிட்டையைக் கண்டு மலைத்துப்போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தேவைதான் என்பதே என் பதில்.

2013 யூலை 8 அன்று பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பதிவானது. அப்போது நாங்கள் நகரின் பழைய பகுதியொன்றில் நிலக்கீழ் வீட்டில் வாடகைக்கு இருந்தோம். வெள்ளம் கதவாலோ யன்னலாலோ வரவில்லை. சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் தரையிலிருந்த வடிகால் துவாரத்தால் கறுத்த நீர் குமிழியிட்டு மேலெழுந்தது. நாற்றத்தில் பிள்ளைகள் வாந்தியெடுத்தார்கள். அரிசி மூட்டை அடியிலிருந்து ஊறி உப்பியது. ஊரிலிருந்து பொத்திப் பொத்திக் கொண்டுவந்த படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாழாயின. காப்புறுதி நிறுவனமோ, கழிவுநீர் பின்னோக்கி வருவதற்கென்று தனியாகப் பணம் கட்டியிருக்க வேண்டும் என்று கையை விரித்துவிட்டது.

பழைய ரொறன்ரோவின் பல தெருக்களில் மழைநீரும் மலசலகூட நீரும் ஒரே குழாயில்தான் ஓடுகின்றன. பெருமழையில் குழாய் தாங்காதபோது, அந்தக் கலவை சுத்திகரிக்கப்படாமலே டொன் நதியிலும் ஒன்ராறியோ ஏரியிலும் கலக்கிறது. நாம் குடிக்கும் நீரும் அதே ஏரியிலிருந்துதான் வருகிறது. இதற்காகவே மொத்தம் 22 கிலோமீற்றர் நீளத்துக்குச் சுரங்கங்களை அமைக்கத் திட்டமிட்டார்கள். அவற்றுள் முதலாவதான கொக்ஸ்வெல் சுரங்கம் 10.5 கிலோமீற்றர் நீளமும் 6.3 மீற்றர் விட்டமும் கொண்டது; சில இடங்களில் 50 மீற்றர் ஆழத்தில் பாறைக்குள் செல்கிறது. மழையின்போது வழிந்தோடும் நீரைத் தேக்கிவைத்து, மழை ஓய்ந்தபின் அஷ்பிரிட்ஜஸ் பே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஏற்றிச் சுத்திகரிக்க உதவுவதே இதன் வேலை. சுத்திகரித்த நீரை ஏரிக்குள் விடும் அந்த நிலையத்தின் 1947ஆம் ஆண்டு வெளியேற்றுக் குழாய் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரம்தான் செல்கிறது; அதற்குப் பதிலாக ஏரியின் அடியில் 3.5 கிலோமீற்றர் நீளச் சுரங்கமொன்றும் தோண்டப்பட்டது.

இந்தச் சுரங்கங்கள் வந்துவிட்டால் எவர் வீட்டுக்குள்ளும் கழிவுநீர் ஏறாது என்று நான் சொல்லவில்லை. அதற்குத் தெருக் குழாய்களைப் பெருப்பிக்கும் திட்டம் தனியாக இருக்கிறது. எல்லாச் செலவும் நியாயம் என்றும் வாதிடவில்லை. வன்கூவரின் வடகரைச் சுத்திகரிப்பு நிலையம் 700 மில்லியன் டொலரில் தொடங்கி, 2024இல் 3.86 பில்லியனுக்கு ஏறியது. அதற்குக் கணக்குக் கேட்பது மக்களின் உரிமை. ஆனால் கணக்குக் கேட்பது வேறு, வேலையே வேண்டாம் என்பது வேறு.

என் மனக்குறை இன்னொன்று. மழைநீரைக் கையாளும் செலவையும் இங்கே ரொறன்ரோவில் தண்ணீர்ப் பாவனையை வைத்தே அறவிடுகிறார்கள். ஏக்கர் கணக்கில் தார் போட்ட வாகனத் தரிப்பிடத்திலிருந்து எவ்வளவு நீர் வழிந்தாலும், அதன் உரிமையாளர் அதற்கென்று தனியாக எதுவும் கட்டுவதில்லை. கடினத் தரையின் பரப்புக்கேற்பக் கட்டணம் அறவிடும் யோசனை 2024இல் எழுந்தபோது, மழைக்கும் வரியா என்று நையாண்டி செய்தே அதைக் கிடப்பில் போடவைத்தார்கள். முன்முற்றம் முழுவதும் சீமெந்து போட்ட நம்மவர்களும் அதில் சேர்ந்துகொண்டார்கள். அந்த யோசனை மீண்டும் சபைக்கு வந்தால், அதை ஆதரித்து என் தொகுதி உறுப்பினருக்கு நான் கட்டாயம் எழுதுவேன்.