பெயர் வைக்குமுன் போன பிள்ளையைப் பதிவேட்டில் தேடுவது எப்படி?

கேள்வி: எனக்கு முன்னால் அம்மாவுக்குத் தலைப்பிள்ளையாக ஓர் ஆண் குழந்தை பிறந்து, மூன்றாம் நாளே தவறிவிட்டது. குரோதி வருஷம், ஆடிப்பெருக்கை ஒட்டி என்கிறார் அம்மா. அப்பா ஊர் குடியாத்தம், அம்மா பிறந்த ஊர் ஆம்பூர் பக்கம். வம்சாவளியில் அந்த அண்ணனையும் சேர்க்க ஆசை. தாலுகா ஆபீஸ் வாசலில் ஒருவர், பணம் கொடுத்தால் இறப்புச் சான்றிதழே வாங்கித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. அவர் தரப்போவது உங்கள் அண்ணனின் பழைய பதிவு அல்ல, இன்றைக்குப் புதிதாக உண்டாக்கும் பதிவு. பதியாமல் ஓராண்டு தாண்டிய பிறப்பு இறப்புகளை உத்தரவு வாங்கிப் பதிய வழி இருக்கிறது. அதற்கு முதலில் 'பதிவு இல்லை' என்ற சான்று வேண்டும். புரோக்கர் ஒழுங்காகத் தேடமாட்டார். கிடைத்துவிட்டால் அவருக்கு வேலை ஏது? இல்லை என்று எழுதி வாங்கி, நீங்கள் சொன்ன தேதியையே அஃபிடவிட்டில் போட்டு, அதையே சான்றிதழாக உங்களிடம் திருப்பித் தருவார். வம்சாவளிக்கு அது காலணா பெறாது.

முதலில் ஊரைச் சரி செய்யுங்கள். குழந்தை எந்த ஊரில் பிறந்ததோ, இறந்ததோ, அந்த ஊர்ப் பதிவேட்டில்தான் இருக்கும். தலைப்பிரசவம் என்றால் பெரும்பாலும் தாய்வீடு. குடியாத்தத்தில் எத்தனை முறை தேடினாலும் ஆம்பூர்ப் பக்கத்துக் குழந்தை கிடைக்காது. வேலூர் ஆஸ்பத்திரியில் பிரசவம் என்றால் மாநகராட்சியைக் கேட்க வேண்டும். ஆம்பூர் இன்று திருப்பத்தூர் மாவட்டம், அன்று எல்லாமே வடாற்காடு. மனுவில் மாவட்டத்தைவிட வருவாய்க் கிராமத்தின் பெயரே முக்கியம்.

அடுத்து தேதி. குரோதி என்றால் 1964 ஏப்ரல் முதல் 1965 ஏப்ரல் வரை. ஆடிப்பெருக்கு 1964 ஆகஸ்ட் 2-ஐ ஒட்டி வரும். ஆனால் அந்த ஒரு தேதியை மட்டும் எழுதாதீர்கள். தலையாரி வந்து சொல்லி, அன்று ஊர்ப் பதிவேட்டை எழுதிவந்த கிராம முன்சீப் எழுதும்போது சில நாள் கழிந்திருக்கும். நிகழ்ந்த தேதி ஒரு கலத்தில், பதிந்த தேதி வேறு கலத்தில் இருக்கும். ஜூலை நடுவில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை பார்க்கச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் 1963, 1965 ஆகிய ஆண்டுகளின் அதே மாதங்கள்.

பெயரைக் கேட்டால், வீட்டில் கூப்பிட்ட செல்லப்பெயரைச் சொல்லிவிடாதீர்கள். மூன்று நாள் குழந்தைக்குப் பெயர் ஏது? பெயர்க் கலம் காலியாகவோ வெறும் 'ஆண் குழந்தை' என்றோ இருக்கும். எழுத்தர் நீங்கள் சொன்ன பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு 'இல்லை' என்பார். தகப்பன் பெயர், தாய் பெயர், தகவல் கொடுத்தவராக இருக்கக்கூடிய தாய்வழித் தாத்தா பெயர், இந்த மூன்றையும் எழுதிக் கொடுங்கள். தாய்வீட்டுப் பிரசவத்தில் தகப்பன் பெயரே தப்பாக ஏறியிருக்கவும் கூடும்.

பிறப்பு, இறப்பு இரண்டு பதிவேட்டையும் பார்க்கக் கேளுங்கள். ஒருமுறை மூச்சு விட்டு அழுத குழந்தைக்குப் பத்தே நிமிடம் உயிர் இருந்திருந்தாலும் இரண்டிலும் பதிவு இருக்க வேண்டும். மூச்சே விடாமல் பிறந்தது வேறு கணக்கு: 28 வாரம் நிறைந்து உயிரின்றிப் பிறந்தால் அது 'இறந்து பிறப்பு'. 1969-ஆம் ஆண்டு பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி அதற்குத் தனிப் பதிவேடு. மற்ற இரண்டிலும் வராது. மூன்று நாள் இருந்த உங்கள் அண்ணனுக்கு இது பொருந்தாது. இருந்தாலும் சொல்லக் காரணம் உண்டு. 'பிறந்ததுமே போச்சு' என்று பாட்டிகள் இரண்டையும் ஒரே வாயால் சொல்வார்கள். குழந்தை அழுததா, பால் குடித்ததா என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டுவிட்டுப் போங்கள்.

எந்த அலுவலகம் என்பதுதான் ரோதனை. கிராம முன்சீப் பதவியே 1980-ல் ஒழிந்துவிட்டது, வி.ஏ.ஓ. பீரோவில் 1964 புத்தகம் இருக்காது. பழைய கிராமப் பதிவேடுகள் தாலுகா வழியாகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகும். இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார். உங்களைப் பந்தாடினால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரே கேள்வி கேளுங்கள்: 'இன்ன வருவாய்க் கிராமத்தின் 1964-ஆம் ஆண்டு பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் தற்போது எந்த அலுவலகத்தில் உள்ளன?' பதிவின் நகலை அதில் கேட்காதீர்கள். அதற்குத் தனி மனு இருக்கிறது என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

'பதிவு இல்லை' என்று சான்று வந்தால் குழந்தையே பிறக்கவில்லை என்று அர்த்தமில்லை. அந்தச் சான்றையும் வம்சாவளியோடு வையுங்கள். வீட்டுக்குள்ளும் தடயம் இருக்கும். அடுத்துப் பிறந்தவர்களுக்குக் குப்புசாமி, குப்பம்மாள், பிச்சை என்று பெயர் இருக்கிறதா? முந்தியது தங்காமல் போன வீட்டில் வைக்கிற பெயர்கள் அவை.

என்ன நோயில் போனது என்பதையும் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது கூடுதல் பணம் கேட்டால் கிளம்பிவிடுங்கள். பதிவேட்டில் காரணம் எழுதியிருந்தாலும், வெளியே தரும் நகலில் அது இருக்கக் கூடாது என்று 1969 சட்டத்தின் 17-ஆம் பிரிவே சொல்கிறது.