வானத்துக் கல்லா, உலைக் கிட்டமா?

போன இதழில், 1857-இல் நம் மாவட்டத்துப் பெருநாழிப் பக்கம் விழுந்த விண்கல்லைப் பற்றி இந்தக் கேள்வி-பதிலில் நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் ராமநாதபுரம் கரையில் வீட்டுக்கு ஒரு கறுப்புக் கல் பீரோவில் இருக்கும் போலிருக்கிறது. உச்சிப்புளியிலிருந்து ஒருவர் கல்லையே பொட்டலம் கட்டி அனுப்பிவிட்டார். தபால் செலவுதான் வீண், அது செங்கல் சூளையில் வெந்து உருகிய கட்டி. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கரைவலை இழுக்கும்போது மடியில் ஒரு கறுப்புக் கல் வந்தது. இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும், காந்தம் ஒட்டுகிறது, மேலெல்லாம் துளை துளையாக இருக்கிறது. விண்கல் என்று சொல்லி ஒருவர் விலை கேட்கிறார். கொடுக்கலாமா?
— மீனவர் ஒருவர், மூக்கையூர்

அண்ணே, அந்தத் துளைதான் உங்கள் கல்லைக் காட்டிக்கொடுக்கிறது. விண்கல் என்றாலே கொதித்துப் பொங்கித் துளை விழுந்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது காற்றுமண்டலத்தைக் கடக்கும் சில நொடிகளில் மேல்தோல் மட்டும்தான் உருகும், அந்தத் தோலும் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, உள்ளே கல் பழையபடியே இருக்கும். மேலே கட்டைவிரலால் களிமண்ணை அமுக்கியதுபோல் ஆழமில்லாத பள்ளங்கள் இருக்கலாம், ஆனால் உள்ளே காற்றுக்குமிழி இருப்பது அபூர்வத்திலும் அபூர்வம். குமிழி குமிழியாக இருந்தால் பெரும்பாலும் இரும்புக் கிட்டம், அதாவது உலையில் இரும்பு உருக்கும்போது ஒதுங்கும் கழிவு, சித்த வைத்தியர்கள் மண்டூரம் என்பார்களே அதுதான். இல்லாவிட்டால் நிலக்கரிக் கப்பலின் சாம்பல்கட்டி. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் 1964 புயல் வரை கப்பல் ஓடிய கடல் இது, அந்தக் காலத்து நீராவிக் கப்பல்கள் எரிந்த கட்டியைக் கடலில்தான் கொட்டும்.

காந்தம் ஒட்டுவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சாயல்குடி, வாலிநோக்கம் பக்கத்துத் தேரி மணலில் காந்தத்தை இழுத்துப் பாருங்கள், கறுப்பு மணல் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும்.

வீட்டிலேயே இரண்டு சோதனை செய்யலாம். டைல்ஸின் பின்பக்கம், பளபளப்பு இல்லாத சொரசொரப்பான பக்கத்தில், கல்லை அழுத்தித் தேயுங்கள். செங்காவிக் கோடு விழுந்தால் ஹேமடைட், கறுப்புக் கோடு விழுந்தால் மேக்னடைட், இரண்டும் நம் பூமியின் இரும்புத் தாதுதான். துருப்பிடிக்காத விண்கல் பெரும்பாலும் கோடே போடாது. அடுத்து மீன் தராசு. கல்லைக் கயிற்றில் கட்டி எடை போடுங்கள், பிறகு அப்படியே வாளித் தண்ணீரில் அடி படாமல் முழுக்கித் திரும்ப எடை பாருங்கள். வெளியே 2,100 கிராம், தண்ணீரில் 1,500 என்றால் எடைக் குறைவு 600. 2,100-ஐ 600-ஆல் வகுத்தால் 3.5. சாதாரணக் கல் விண்கற்கள் ஏறத்தாழ அந்த அளவில்தான் இருக்கும், கிரானைட் 2.7 பக்கம் நிற்கும். ஆனால் சில கிட்டங்களும் 3.5 காட்டும், அதனால் இந்த ஒரு கணக்கை நம்பி யாரிடமும் விலை பேச வேண்டாம்.

இன்னொன்று, அழகன்குளம் மாதிரிப் பழைய துறைமுக மேட்டுப் பக்கம் கிட்டம் கிடைத்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விண்கல்லாக இல்லாவிட்டாலும் தொல்லியல் துறைக்காரர்களுக்கு அது வேண்டியதுதான். மன்னார் வளைகுடாத் தீவுகளில் இறங்கிக் கல்லும் பவளமும் பொறுக்கும் வேலை மட்டும் கூடவே கூடாது. 21 தீவும் கடல்வாழ் தேசியப் பூங்கா, வழக்காகிவிடும்.

துபாயில் இருக்கும் என் மச்சான் 'காம்போ டெல் சியலோ' என்று ஒரு இரும்பு விண்கல் துண்டு வாங்கித் தந்தார். ஆறு மாதத்தில் துரு ஏறி மஞ்சள் நீர் கசிகிறது. போலியா?
— வாசகர், கீழக்கரை

துருவை வைத்துப் போலி என்று சொல்லாதீர்கள், சொல்லப்போனால் அந்தக் கல்லுக்குத் துருதான் குலவழக்கம். அர்ஜென்டினாவில் நாலாயிரம், ஐயாயிரம் வருடங்களுக்கு முன் விழுந்து மண்ணில் கிடந்த இரும்பு அது. விரிசல்களில் குளோரைடு உப்பு ஏறியிருக்கும், ஈரம் பட்டதும் வேலையைக் காட்டும். கீழக்கரைக் காற்றில் ஜன்னல் கம்பியே நாலு வருடம் தாங்குவதில்லை, இது எப்படித் தாங்கும்! காற்றுப் புகாத டப்பாவில், மருந்து டப்பாவில் வருமே அந்த சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலைந்து போட்டு வையுங்கள், ஷோகேஸில் திறந்து வைக்காதீர்கள்.

போலியா என்று பார்க்க நிக்கல் சோதனை செய்யலாம். இரும்பு விண்கல்லில் அநேகமாக 5 சதவீதத்துக்கு மேல் நிக்கல் இருக்கும். கல்லூரி வேதியியல் லேபில் டைமெத்தில் கிளையாக்சைமும் அம்மோனியாவும் இருந்தால் ஒரு பஞ்சில் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள், ரோஜா நிறம் வந்தால் நிக்கல் உண்டு. எவர்சில்வரிலும் நிக்கல் உண்டு என்பதால் இதுவும் பாதி சாட்சிதான். மீதி சாட்சி, அறுத்து மெருகேற்றி நைட்ரிக் அமிலம் தடவினால் தெரியும் குறுக்கும் நெடுக்குமான பட்டைகள். விட்மன்ஸ்டாட்டன் கோலம் என்பார்கள். பத்து லட்சம் வருடத்துக்குச் சில பத்து, சில நூறு டிகிரி என்று மெல்ல மெல்ல ஆறிய இரும்பில்தான் அது விழும், எந்த உலையிலும் வார்க்க முடியாது. எஃகுத் தகட்டின் மேல் அந்தக் கோலத்தை வரைந்து விற்பவர்கள் இருக்கிறார்கள். பக்கவாட்டு விளிம்பைப் பாருங்கள், நிஜத்தில் பட்டை மேலிருந்து உள்ளே இறங்கும், வரைந்தது மேலேயே நின்றுவிடும்.

மச்சானிடம் ஒன்று கேளுங்கள்: எப்போது அர்ஜென்டினாவை விட்டு வந்த துண்டு அது? 2007-இல் அந்த நாடு தன் விண்கற்களைப் பண்பாட்டுச் சொத்து என்று சட்டம் போட்டது. கல் அசலாக இருந்து, வந்த வழி கோணலாக இருப்பதும் உண்டு.

விற்பவர் சங்க உறுப்பினர் எண்ணும், 'என்.டபிள்யூ.ஏ.' என்று ஒரு எண்ணும் தருகிறார். நம்பி வாங்கலாமா?
— புதிதாகச் சேகரிப்பவர், பரமக்குடி

விண்கல் சேகரிப்பவர்களின் சர்வதேசச் சங்கம் தரும் எண் ஆளுக்கு உரியது, கல்லுக்கு உரியது அல்ல. 'நான் விற்பது அசல்' என்று அந்த ஆள் சங்கத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். என்.டபிள்யூ.ஏ. என்பது வடமேற்கு ஆப்பிரிக்கா. பாலைவனத்தில் யாரோ பொறுக்கி, சந்தை சந்தையாகக் கைமாறி, விழுந்த இடம் தெரியாமல் வந்த கற்களுக்கு விண்கல் அறிஞர்களின் சங்கம் வரிசை எண் போடுகிறது. அதற்கு முன் 20 கிராம், சின்னக் கல்லாக இருந்தால் ஐந்தில் ஒரு பங்கு, ஆய்வகத்தில் மாதிரியாக வைக்கப்பட வேண்டும். அந்த எண் ஆய்வுக்குப் போன கல்லுக்குத்தான். பக்கத்துச் சாக்கில் அதே மாதிரி இருந்த கல்லுக்கும் அதே எண்ணை ஒட்டி விற்பதுதான் இந்த வியாபாரத்தில் அன்றாடம் நடக்கும் கோளாறு. எண்ணை அந்த அறிஞர் சங்கத்தின் பட்டியலில் தேடி, மொத்த எடை எவ்வளவு என்று பாருங்கள். பதிவில் 300 கிராம் என்று இருக்கும் கல்லில் ஒருவரே ஒரு கிலோ விற்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

நானும் பட்டவன்தான். முதன்முதலில் வாங்கிய மெருகேற்றிய வில்லை, யாரிடம் என்பது வேண்டாம், பத்து மடங்கு லென்ஸில் பார்த்தபோது உலோகப் புள்ளி ஒன்றுகூட இல்லாமல் குமிழியாக இருந்தது, கிட்டம். அந்தப் பணம்கூட மறந்துவிட்டது. அதைவிட வலிப்பது இன்னொன்று. வீடு மாறும்போது நாலு அசல் துண்டுகளின் சீட்டுகள் கலந்துபோயின. நாலுமே காண்ட்ரைட் என்ற சாதாரணக் கல் விண்கல் வகை, நாலுமே சாம்பல் நிறம், எது எந்த ஊரில் விழுந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அசலாக இருந்தும் பெயரில்லாமல் பீரோவில் கிடக்கின்றன. அதிலிருந்து கல்லின் மேலேயே சின்னதாக எண் எழுதிவிடுகிறேன்.

பெருநாழிக் கல் இப்போது எங்கே? இன்னும் துண்டுகள் கிடைக்குமா?
— ஆசிரியர், கமுதி

பதிவேடுகளில் 'பர்நல்லி' என்று தேடுங்கள். 1857 பிப்ரவரி 28-இல் விழுந்தது, மொத்தம் 77.6 கிலோ. பதிவில் உள்ள அட்சரேகை, தீர்க்கரேகையை வரைபடத்தில் வைத்தால் கமுதிக்கும் சாயல்குடிக்கும் நடுவில் விழுகிறது, பெருநாழியைத்தான் வெள்ளைக்காரன் காதில் அப்படி வாங்கியிருக்க வேண்டும் என்பது என் கணக்கு. காண்ட்ரைட்டுகளில் எல்.எல்.3 என்ற வகை. அதாவது 456 கோடி வருடங்களுக்கு முன் உருகித் தெறித்த காண்ட்ரூல் என்ற சின்னச் சின்ன உருண்டைகள், பிறகு அதிகம் சூடாகாததால், கடலை மிட்டாயில் கடலை தெரிகிற மாதிரி இன்றும் தெளிவாகத் தெரியும். உலகத்து அருங்காட்சியகங்கள் பலவற்றில் அதன் துண்டுகள் இருக்கின்றன. விழுந்த நாள் தெரிந்த கல் என்பதால் மதிப்பு கூடுதல், அதனாலேயே பெயரை ஒட்டி ஏமாற்றவும் வசதி. உங்கள் ஊர்க்காரர் என்று யாராவது ஒரு கிராம் விற்க வந்தால் பழைய அருங்காட்சியகச் சீட்டைக் கேளுங்கள்.

கரிசலில் இன்னும் கிடைக்குமா என்றால், கிடைக்காது என்று சொல்லமாட்டேன். கிடைத்தால் காந்தத்தை எடுத்து ஒட்டாதீர்கள், கல்லுக்குள் பதிந்திருக்கும் பழைய காந்த நினைவு அழிந்துவிடும், அதற்குப் பதில் திசைகாட்டி முள்ளைப் பக்கத்தில் கொண்டுபோனாலே முள் அசையும். கிடந்த இடத்தில் வைத்தே ஒரு படம் எடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொல்லுங்கள். இந்தியாவில் விழும் விண்கற்களுக்குக் காப்பாளர் இந்தியப் புவியியல் ஆய்வு மையம். 2008-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில் 110 கிலோ அளவுக்கு ஒன்று விழுந்ததே, அதுவும் அவர்கள் பதிவில்தான் இருக்கிறது.

இடி விழுந்த கல்லில் இரிடியம் இருக்கிறதாம், அரிசியை இழுக்கிறதாம். பங்குக்கு ஐந்து லட்சம் கேட்கிறார்கள்.
— பெயர் வேண்டாம், சாயல்குடி

போலீஸுக்குப் போங்கள். விண்கல்லில் இரிடியம் உண்டு, உண்மை. காண்ட்ரைட் கல் ஒரு டன் அரைத்தால் அரை கிராம், மிஞ்சிப்போனால் ஒரு கிராம். அரிசியை இழுப்பது அரிசிக்குள் வைத்த இரும்புத்தூள்.

ராமேஸ்வரத்தில் தொட்டியில் மிதக்கும் கல் விண்கல்லா?
— வாசகி, மண்டபம்

இல்லை. உள்ளே காற்று அடைத்த காய்ந்த பவளம், அல்லது எரிமலை நுரைக்கல். 1883-இல் கிரக்கட்டோவா வெடித்தபோது நுரைக்கல் இந்தியப் பெருங்கடல் முழுக்க மிதந்து திரிந்தது. விண்கல்லைத் தொட்டியில் போட்டால் நேராக அடிக்குத்தான் போகும். பக்தி வேறு விஷயம், அதற்குள் நான் போகவில்லை.

மொட்டை மாடியில் விண்தூசி கிடைக்குமா, சார்?
— பிளஸ் டூ மாணவி, தொண்டி

கிடைக்கும்மா. நார்வேக்காரர் யோன் லார்சன் கூரைக் குப்பையைச் சலித்துச் சலித்து நூற்றுக்கணக்கில் எடுத்துக் காட்டினார், 2017-இல் ஆய்விதழிலும் வந்தது. மழைத் தண்ணீர் இறங்கும் குழாய் வாயில் தேங்கிய வண்டலை அள்ளு, சோப்புத் தண்ணீரில் நாலைந்து தடவை அலசு, காய வைத்து, பிளாஸ்டிக் உறை போட்ட காந்தத்தால் இழு. தூசிக்குக் காந்தம் பரவாயில்லை. ஒட்டியதை மைக்ரோஸ்கோப்பில் பார். கால் மில்லிமீட்டர் அளவு உருண்டை, மேலே பின்னல் பின்னலாகப் படிகக் கோடு இருந்தால் அதைத் தனியாக வை. கண்ணாடி மாதிரி வழவழவென்று பளபளத்தால் தெருமுனை வெல்டிங் பட்டறைப் பொறியாக இருக்கும். தொண்டியில் கடல் காற்றோடு கறுப்பு மணலும் மாடிக்கு வரும், அது உருண்டையாக இருக்காது, மூலை தெரியும். நூறு உருண்டையில் ஒன்று தேறினாலே பெரிய விஷயம். தேறியதைப் பொட்டலம் கட்டும்போது எந்த வீட்டு மாடி, எந்தத் தேதி, கடைசியாக எப்போது மாடி கூட்டினார்கள் என்பதை அன்றைக்கே எழுதிவிடு, மறுநாளுக்கு வைக்காதே.