பணத்தை இறுக்கினால் போர் நிற்குமா? கேள்வி பதில்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு, மண்டபத்தில் பல ஆண்டுகள் பொருளாதாரம் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் பதில்கள்.

தங்கச்சிமடம், விசைப்படகு உரிமையாளர்: ஐயா, பணத்தை இறுக்கியே ஒரு போரை நிறுத்தியதாக வரலாறு உண்டா?

உண்டு. 1956 ஜூலையில் எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார்; அக்டோபர் இறுதியில் இஸ்ரேலும், அதைத் தொடர்ந்து பிரிட்டனும் பிரான்சும் எகிப்தைத் தாக்கின. பவுண்டின் மதிப்பைக் காக்க பிரிட்டன் திணறியபோது, சண்டை நிற்காதவரை சர்வதேச நாணய நிதியத்திலிருந்து கடன் பெற உதவ மாட்டோம் என்று அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவரின் அரசு கையை விரித்துவிட்டது. நவம்பர் 6 அன்று பிரிட்டன் சண்டையை நிறுத்தியது, டிசம்பருக்குள் படையும் திரும்பியது. பிரிட்டனுக்குக் கடன் கொடுக்க வேறு ஆளில்லை. அதனிடம் கேட்கப்பட்டது ஒன்றே ஒன்று. அதைச் செய்ததும் பணம் வந்தது. இந்த மூன்றும் ஒருசேர அமைவது மிக அரிது.

மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் பிறந்து வளர்ந்த இளைஞர்: இத்தனை நாடுகள் உதவிப் பணத்தோடு நின்றும் இலங்கைப் போர் ஏன் அப்படி முடிந்தது, சார்?

தம்பி, இந்தக் கேள்வியை உங்கள் வயதுக்காரர்கள் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். 2002 பிப்ரவரியில் நார்வேயின் முயற்சியால் போர்நிறுத்த உடன்பாடு ஏற்பட்டது. 2003 ஜூனில் டோக்கியோவில் கூடிய நாடுகளும் நிறுவனங்களும் சுமார் 450 கோடி டாலர் தருவதாக வாக்களித்து, சமாதானப் பேச்சின் முன்னேற்றத்தோடு அந்த உதவியை முடிச்சுப் போட்டன. ஆனால் விடுதலைப் புலிகள் ஏப்ரலிலேயே பேச்சிலிருந்து விலகியிருந்தார்கள். அமெரிக்காவில் தடைசெய்யப்பட்ட இயக்கம் என்பதால் அதே மாதம் வாஷிங்டனில் நடந்த ஆயத்தக் கூட்டத்தில் தங்களுக்கு இடமளிக்கப்படாததை அதற்கான காரணங்களுள் ஒன்றாகக் கூறினார்கள், டோக்கியோவுக்கும் வரவில்லை. சண்டையிட்ட இரு தரப்பில் ஒரு தரப்பு இல்லாத இடத்தில் வைத்த நிபந்தனை யாரைக் கட்டுப்படுத்தும்?

அடுத்து 2004 டிசம்பரில் சுனாமி வந்தது. அதற்குப் பின் குவிந்த உதவி இரக்கத்தால் வந்தது. அதில் அரசியல் நிபந்தனை வைக்க எவருக்கும் மனம் வராது, வைக்கவும் கூடாது. அந்த உதவியை இரு தரப்பும் சேர்ந்து பகிர்ந்தளிக்க 2005 ஜூனில் கையெழுத்தான ஏற்பாட்டின் முக்கியப் பகுதிகளுக்கு இலங்கை உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. கைகோத்து வேலை செய்யக் கிடைத்த அந்த ஒரு வாய்ப்பு வீணானதே எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். அதற்குள் சீனாவின் கடனும் பெருகியது. மேற்கு நாடுகள் முகம் சுளித்தாலும் கொழும்புக்கு வேறு கதவு திறந்திருந்தது. 2008 ஜனவரியில் அரசு உடன்பாட்டிலிருந்து விலகியது, 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது, ஜூலையில் நாணய நிதியம் 260 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. மனித உரிமைக் காரணங்களைச் சொல்லி ஐரோப்பிய ஒன்றியம் தன் வரிச்சலுகையை நிறுத்தியதோ 2010 ஆகஸ்டில், போர் முடிந்து 15 மாதங்கள் கழித்து. அந்த அடி விழுந்தது ஆடைத் தொழிலின்மேல். அங்கே தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

கீழக்கரை, இல்லத்தரசி: தடை என்றாலே எங்களைப் போன்றவர்களின் அடுப்படிதானே பாதிக்கப்படுகிறது?

பெரும்பாலும் அப்படித்தான், அம்மா. 1990க்குப் பின் இலங்கை அரசு பெட்ரோல், பேட்டரி, சிமென்ட், உரம், சோப்பு போன்றவை யாழ்ப்பாணத்துக்குப் போகாமல் தடுத்தது. அங்கிருந்து படகில் வந்து என் வகுப்பில் சேர்ந்த மாணவன் ஒருவன், ஜாம் பாட்டிலில் சிறிது மண்ணெண்ணெய் ஊற்றிப் பஞ்சுத் திரியிட்டு அந்த வெளிச்சத்தில் படித்ததையும், சில துளி பெட்ரோல் விட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பிப் பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டியதையும், சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டதையும் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினான். போர் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நடந்தது. ஈராக்கிலும் அதே கதைதான்: 1990 ஆகஸ்டில் தடை வந்தது, எண்ணெய் விற்ற பணத்தில் வாங்கிய உணவு 1997 மார்ச்சில்தான் அங்கே போய்ச் சேரத் தொடங்கியது, சதாம் உசேன் 2003 வரை ஆட்சியில் இருந்தார்.

தொண்டி, இறால் கொள்முதல் செய்பவர்: உக்ரைன் போருக்கும் எங்கள் இறாலுக்கும் என்ன சம்பந்தம்?

2022இல் மேற்கு நாடுகள் ரஷ்யாவின் சுமார் 30,000 கோடி டாலர் கையிருப்பை முடக்கின. அந்த ஆண்டு டிசம்பரில் ரஷ்யக் கச்சா எண்ணெய்க்குப் பீப்பாய்க்கு 60 டாலர் என உச்சவரம்பும் வைத்தன. எண்ணெய் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் திரும்பியது. அதைக் காரணமாகக் காட்டித்தான் 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மீது 25 சதவீதம் கூடுதல் வரி விதித்து, மொத்தத்தை 50 சதவீதமாக்கியது. நம் இறாலுக்கு அமெரிக்காவே பெரிய சந்தை. ரஷ்யாவின் எண்ணெய் வருவாயைக் குறைப்பது சரியான குறி என்றே கருதுகிறேன்; ஆனால் போரை நிறுத்தும் அதிகாரம் துளியும் இல்லாத உங்கள் தராசின்மேல் அந்தச் சுமையை ஏற்றியது முறையல்ல.

ராமநாதபுரம், கல்லூரி மாணவி: அப்படியானால் எந்தப் பணத்தை அடைக்க வேண்டும், ஐயா?

துப்பாக்கி வாங்கும் பணத்தை. சியரா லியோனில் கிளர்ச்சிப் படைக்கு வைரமே முதலாக இருந்தது. 2000 ஜூலையில் ஐ.நா. பாதுகாப்பு அவை, அந்நாட்டு அரசின் சான்றிதழ் இல்லாத வைரத்தை எவரும் வாங்கக் கூடாது என்றது. அந்த வைரத்துக்கு வழியாக இருந்த லைபீரியாவின்மீதும் மறு ஆண்டு தடை வந்தது. பிரிட்டிஷ் படையும் ஐ.நா. அமைதிப் படையும் களத்தில் இருந்ததால், தடை ஒன்றே போரை நிறுத்தியது என்று சொல்வது தவறாகும். ஆயினும் வைரம் எந்த வீட்டு அடுப்பையும் எரிப்பதில்லை என்பதால், சோற்றுக்கும் மருந்துக்கும் கை வைக்காமல் படைத்தலைவர்களின் பையை மட்டும் குறிவைக்க முடிந்தது. போர் முடிந்ததாக 2002 ஜனவரியில் அறிவிக்கப்பட்டது. ஆயுதங்களை ஒப்படைத்த 70,000க்கும் மேற்பட்டவர்களில் பலருக்குத் தச்சு, தையல் போன்ற தொழில்களைக் கற்றுக்கொடுக்க வெளிநாட்டு உதவிப் பணம் கைகொடுத்தது.