அண்ணனின் ரீலோடிங் டைகளை எங்கே, எப்படி விற்பது?

கேள்வி: டெக்சஸில் வாழ்ந்து மறைந்த என் பெரியண்ணன், சுட்ட தோட்டாக்களை மறுபடி நிரப்பப் பயன்படுத்திய ரீலோடிங் டைகள் பதினான்கு பெட்டிகளாக அண்ணியிடம் இருக்கின்றன. பலவற்றின் அளவுகளை நான் கேள்விப்பட்டதே இல்லை. அங்குள்ள வியாபாரி ஒருவர் மொத்தத்துக்கும் 200 டாலர் தருவதாகச் சொல்கிறார். டிசம்பரில் செல்லும்போது எடுத்துவந்து இங்கே நிதானமாக விற்கலாமா? – ஈசூன் வாசகர்

பதில்: எடுத்துவராதீர்கள், அந்த 200 டாலருக்கும் அண்ணியைச் சம்மதிக்கவிடாதீர்கள்.

டை என்பது உட்புறம் நுட்பமாகக் கடையப்பட்ட, கட்டைவிரலைவிடச் சற்றுப் பருத்த எஃகு உருளை. சுடும்போது விரிந்துபோன பித்தளைக் கூட்டைப் பழைய அளவுக்கு அழுத்த ஒன்றும், அதன் வாயில் புதுக் குண்டைப் பொருத்த ஒன்றுமாகப் பெட்டிக்குக் குறைந்தது இரண்டு இருக்கும். வீட்டில் தோட்டா நிரப்பும் வழக்கமே இல்லாத சிங்கப்பூரில் இதை வாங்க ஆள் கிடையாது. ஆனால் என்னை அதிகம் அச்சுறுத்துவது, அந்தப் பெட்டிக்குள் இருக்கக்கூடிய இன்னொரு பொருள். டையைச் சரியான உயரத்தில் பொருத்துவதற்காக, வெடிமருந்தில்லாமல் செய்த மாதிரித் தோட்டா ஒன்றைப் பெட்டியிலேயே போட்டு வைப்பது அமெரிக்காவில் மிகப் பலரின் பழக்கம். அதற்குள் மருந்து இல்லை என்பது உங்கள் அண்ணனுக்குத் தெரியும். விமான நிலையத்தில் பெட்டியை ஊடுகதிரில் பார்ப்பவருக்குத் தெரியாது. தேசிய சேவையில் சுடுதளத்தை விட்டு வெளியேறும்போது, தோட்டாவோ காலிக் கூடோ தம்மிடம் இல்லை என்று உரக்க அறிவித்த ஒவ்வொருவருக்கும் இதன் கடுமை புரியும். இங்கே உரிமமின்றித் தோட்டா வைத்திருந்ததாகக் குற்றம் நிரூபணமானால் 5 முதல் 10 ஆண்டுச் சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் உண்டு. வெறும் டைக்கு அனுமதி தேவையா என்று ஒருமுறை நான் விசாரித்தபோது, மூன்று முகப்புகளுக்கு அலைக்கழிக்கப்பட்டு, கேட்ட கேள்விக்குத் தொடர்பே இல்லாத ஒரு படிவத்துடன் வீடு திரும்பினேன். நேர்மையாகக் கேட்பவனை இப்படிச் சலிக்க வைப்பதால் யாருக்கு என்ன பாதுகாப்பு கிடைக்கிறது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. ஆகவே பொருள் டெக்சஸிலேயே இருக்கட்டும், அங்கேயே விற்கட்டும்.

இனி விலை. ஒவ்வொரு டையின் மேல்விளிம்பிலும் காலிபர், அதாவது அது எந்தத் தோட்டா வகைக்கானது என்ற அளவுப்பெயர், பொறிக்கப்பட்டிருக்கும். அதை அண்ணி கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினால் பாதி வேலை முடிந்தது. .308, .30-06 போன்றவை ஊரெங்கும் கிடைப்பதால், புதியதன் விலையில் பாதி வந்தாலே போதும் என்று கொடுத்துவிடலாம். 1935-இல் வந்து நெடுநாள் முன்பே உற்பத்தி நின்றுபோன வின்செஸ்டர் 71 துப்பாக்கிக்கான .348, அல்லது .219 ஸிப்பர் என்று எழுதியிருந்தால் அவசரப்படாதீர்கள். பெயர் வைத்தவர்களின் பொறுப்பின்மை இங்கே பெருங்குழப்பம் செய்கிறது. .25-20 என்ற ஒரே எண்ணில் இரண்டு வெவ்வேறு கூடுகள் உண்டு. அவற்றில் ‘சிங்கிள் ஷாட்’ எனப்படும் நீண்டு மெலிந்த பழைய வகையின் டைதான் அரிது. அந்த இரண்டு சொற்களைப் படிக்காமல் விற்றால் நட்டம் உங்களுக்கே.

ஈபேயில் கேட்கும் விலையைப் பார்த்து மகிழாதீர்கள். விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி அங்கே உண்டு, அந்தத் தொகைதான் உண்மை. ஓஹியோவின் சி.எச்.4டி போன்ற நிறுவனங்கள் வழக்கொழிந்த காலிபர்களுக்கும் இன்று புதிதாக டை செய்து தருவதால், அவர்களின் விலையே பொதுவாக உச்சவரம்பு.

உட்சுவரைக் கைவிளக்கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நீளவாக்கில் கீறல் இருந்தால் அது ஒவ்வொரு கூட்டிலும் பதியும், விலை சரியும். நடுவிலுள்ள ஊசி ஒடிந்திருப்பது அற்பக் குறை. மேலே படிந்த துருவை உப்புத்தாளால் தேய்க்காமல், எண்ணெய்த் துணியால் துடைத்தாலே போதும்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். பொறிப்பு இயந்திர எழுத்தாக இல்லாமல், கையால் கீறிய பெயரோ முதலெழுத்துகளோ இருந்தால், அந்த டை ஒரு குறிப்பிட்ட துப்பாக்கியில் தோட்டா அமரும் அறையை அளந்து, அதற்கென்றே கடையப்பட்டதாக இருக்கலாம். அரிதினும் அரிது என்று அதற்குப் பெருவிலை எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் அந்தத் துப்பாக்கி இல்லாதவருக்கு அது வெறும் இரும்புத்துண்டு. அதே சமயம், அந்த டை இல்லாமல் அந்தத் துப்பாக்கிக்குத் தோட்டா செய்வதும் பெரும்பாடு. எனவே முதலில் அண்ணியிடம் துப்பாக்கி இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் இரண்டையும் உரிமம் பெற்ற ஒரே கடைக்காரரிடம் சேர்த்து ஒப்படையுங்கள். துப்பாக்கி முன்பே விற்கப்பட்டிருந்தால், அதை வாங்கியவரைத் தேடிக் கேளுங்கள். அந்த டைக்கு முழு மதிப்புத் தரக்கூடியவர் உலகில் அவர் ஒருவர்தான்.

மொத்த விலை பேசும் அந்த வியாபாரி, பதினான்கில் எந்த மூன்று தமக்கு வேண்டும் என்பதை முதல் பார்வையிலேயே முடிவு செய்திருப்பார். ஜூரோங்கில் தொழிற்சாலை அச்சுகள் செய்யும் டை மேக்கராக முப்பது ஆண்டு உழைத்த நான், பயிற்சிக்காக ஓஹியோவில் தங்கியிருந்தபோது இதைக் கண்ணால் கண்டேன். ஒரு கைம்பெண் இருபது பெட்டிகளைக் கொடுத்தனுப்பிய மறுவாரமே, அவற்றில் இரண்டு மட்டும், அந்த அம்மாள் மொத்தமாகப் பெற்ற தொகைக்கு மேலான விலைச்சீட்டுடன் வியாபாரியின் மேசையில் இருந்தன. பெட்டி வாரியாக விலை எழுதித் தரும்படி அண்ணி கேட்கட்டும். மறுத்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

மேசை இழுப்பறைகளையும் தேடச் சொல்லுங்கள். சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிதாக, ஒரு பக்கம் பிளவுபட்டு, எண் பொறித்த எஃகு வில்லைகள் கிடக்கக்கூடும். கூட்டின் அடிப்பகுதியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர்கள் அவை. அரிய காலிபருக்கு அதற்குரிய வில்லையும் பெட்டியில் சேர்ந்திருந்தால் வாங்குபவர் பேரம் பேசாமலே எடுத்துக்கொள்வார்.