முதல் தடவை ஏஜென்சி மூலம் வெளிநாடு போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

கட்டாரிலும் டுபாயிலும் கட்டுமானக் கம்பனிகளின் ஆளணிப் பிரிவில் வேலை பார்த்தேன். இலங்கை ஏஜென்சிகள் அனுப்பும் சீவிகளைப் பிரித்துப் பார்த்து, யாரை இன்டர்வியூவுக்குக் கூப்பிடுவது என்று முடிவு செய்வதுதான் என் வேலை. இப்போது களுவாஞ்சிகுடியில் இருக்கிறேன். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் இருந்து வந்த கேள்விகளுக்கு என்னால் முடிந்த பதில்களை எழுதியிருக்கிறேன்.

முதலே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏஜென்சி கம்பனிக்கு ஆள் தேடுகிறது. உங்களுக்கு வேலை தேடுவதாக நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான் வரும். இது விளங்கினால், அவர்கள் ஏன் கூப்பிடுவதில்லை, ஏன் அவசரப்படுத்துகிறார்கள், எதைக் கேட்டால் மழுப்புகிறார்கள் என்பதெல்லாம் விளங்கிவிடும்.

ஏறாவூர், எலக்ட்ரீஷியன்: அண்ணன், என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) 4 இருக்கு. வீட்டு வயரிங்கும் கடை வயரிங்கும் செய்திருக்கேன். கொழும்பில் நாலு ஏஜென்சிக்கு சீவி கொடுத்தும் ஒருவரும் கூப்பிடவில்லை. எங்கே பிழை?

சீவி கொடுத்ததும் யாராவது உட்கார்ந்து வாசிப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள் தம்பி. அது கட்டோடு கிடக்கும். கம்பனியிடம் இருந்து ஆர்டர் வந்த பிறகுதான் கட்டைப் பிரிப்பார்கள். ஆர்டரில் 'கேபிள் ட்ரே, டிபி போர்ட், த்ரீ ஃபேஸ் தெரிந்தவர்' என்று இருந்தால் அந்தச் சொற்களைத்தான் சீவிகளில் தேடுவார்கள். உங்கள் சீவியில் 'எலக்ட்ரிகல் வேலைகள்' என்று மட்டும் இருந்தால் கண்ணில் படாது.

என்ன கட்டிடம், எத்தனை மாடி, சிங்கிள் ஃபேஸா த்ரீ ஃபேஸா, பைப் பதித்ததா, போர்ட் கட்டியதா, டெஸ்டிங் செய்ததா என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி எழுதுங்கள். இரண்டு பக்கம் போதும். நீங்கள் கட்டி முடித்த போர்ட்டின் படங்களைப் போனில் வைத்திருங்கள். கொடுத்துவிட்டுச் சும்மா இருக்காமல், இரண்டு கிழமைக்கு ஒருமுறை எடுத்து 'எலக்ட்ரீஷியன் ஆர்டர் ஏதும் வந்திருக்கா?' என்று கேளுங்கள். அடிக்கடி கேட்கிறவரின் பெயர்தான் அவர்கள் ஞாபகத்தில் நிற்கும்.

அப்புறம் ட்ரேட் டெஸ்ட், அதாவது வேலையைச் செய்து காட்டும் பரீட்சை. பெரும்பாலும் கொழும்பில் வைப்பார்கள், கம்பனி ஆள் நேரில் நிற்பார். டூ வே சுவிட்ச் இணைக்கச் சொல்வார்கள், மோட்டாரை இயக்கும் டி.ஓ.எல். ஸ்டார்ட்டர் வயர் பண்ணச் சொல்வார்கள். பல்பு எரிந்ததா என்பது கடைசி விஷயம். போர்டில் கை வைக்கும் முன் பிரேக்கரை இறக்கினீர்களா, டெஸ்டர் வைத்துப் பார்த்தீர்களா, வயரின் தோலை உரிக்கும்போது செம்பு வெட்டுப்பட்டதா, இதையெல்லாம் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பார். நன்றாக வேலை தெரிந்தும், பிரேக்கரை இறக்காமல் தொட்டதால் அங்கேயே நிராகரிக்கப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வாழைச்சேனை, ஒரு தாய்: தம்பி, மகன் கட்டார் போக ஊரில் ஒருவர் 5 லட்சம் கேட்கிறார். முதலில் 1 லட்சம் கொடுத்தால் விசா எடுக்கலாமாம். நல்ல மனிசன்தான். நகையை அடகு வைத்துக் கொடுக்கலாமா?

வேண்டாம் அக்கா. கொடுக்க முன் அவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: எந்த ஏஜென்சி, அதன் லைசன்ஸ் இலக்கம் என்ன, கட்டாரில் எந்தக் கம்பனி. மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

பதில் வந்தால் சரிபாருங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம், நாம் பியூரோ என்று சொல்வது, 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தில் உருவானது. லைசன்ஸ் இல்லாமல் யாரும் வெளிநாட்டுக்கு ஆள் சேர்க்க முடியாது. லைசன்ஸ் உள்ள ஏஜென்சிகளின் பட்டியல் பியூரோவின் இணையத்தளத்தில் இருக்கு. 1989 என்ற போன் இலக்கத்துக்கு எடுத்தும் கேட்கலாம். அதைவிட, உங்கள் பிரதேச செயலகத்துக்கு நேரில் போய், வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கு என்று இருக்கும் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கேட்பதுதான் எனக்குப் பிடித்த வழி. லைசன்ஸ் இருப்பது மட்டும் போதாது, அந்தக் கம்பனியின் அந்த வேலைக்கு பியூரோ அனுமதி இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். லைசன்ஸ் உள்ள ஏஜென்சியின் பெயரைச் சொல்லி, இல்லாத வேலைக்கு ஆள் பிடிக்கிறவர்கள் உண்டு.

ஊரில் இருப்பவர் நல்ல மனிசனாகவே இருக்கலாம். அவரும் கொழும்பில் யாரோ சொன்னதை நம்பித்தான் கேட்கிறாரோ என்னவோ. காசு போய்விட்டால் அவரும் உங்களோடு சேர்ந்து அழுவார், ஆனால் அடகு வைத்த நகை திரும்பி வராது. கொடுப்பதாக இருந்தால் ஏஜென்சிக்கு நேரில் போய், பியூரோ அனுமதித்த தொகையை மட்டும், ஏஜென்சியின் பெயர் போட்ட ரசீதோடு கொடுங்கள். பாஸ்போர்ட்டும் அப்படித்தான். தெரிவாகும் வரை பிரதி போதும். விசா அடிக்க அசல் வேண்டும் என்றால், கொடுத்ததற்கு எழுத்தில் ஒன்று வாங்குங்கள்.

சம்மாந்துறை, ஏசி டெக்னீஷியன்: இரண்டு ஆஃபர் வந்திருக்கு, இரண்டும் கட்டார். ஒன்று 1,800 ரியால். மற்றது 1,500 ரியால், ரூமும் சாப்பாடும் கம்பனி. வீட்டில் எல்லோரும் 1,800க்குப் போ என்கிறார்கள்.

ஆஃபர் கடிதத்தில் 1,800ஐ எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 1,000, ரூமுக்கு 500, சாப்பாட்டுக்கு 300 என்று இருக்கிறதா? அப்படியானால் அது கட்டார் சட்டம் 2021 மார்ச்சில் இருந்து எல்லோருக்கும் விதித்த ஆகக் குறைந்த தொகை. அதற்குக் கீழே அவர்களால் கொடுக்கவே முடியாது. ஏதோ பெரிய சலுகை போலச் சொல்லி உங்களை அவசரப்படுத்தினால் அதை நம்பாதீர்கள்.

இனிக் கணக்குக்கு வருவோம். ஓ.டி., அதாவது மேலதிக நேர வேலைக்கான காசு, பேசிக்கில்தான் கணக்காகும். கட்டாரில் கிழமைக்கு 48 மணித்தியாலம் வேலை, அதற்கு மேல் செய்தால் மணிக்கான பேசிக்கோடு குறைந்தது 25 வீதம் கூட்டித் தர வேண்டும். ஒரு நாளைக்கு 2 மணித்தியாலப்படி மாதத்தில் 26 நாள் ஓ.டி. செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். பேசிக் 1,000 என்றால் அது கிட்டத்தட்ட 271 ரியால். பேசிக் 1,500 என்றால் 406. சேவை முடிந்து வரும்போது கிடைக்கும் காசும் பேசிக்கில்தான்: வருடத்துக்குக் குறைந்தது மூன்று கிழமைச் சம்பளம். முதலாவதில் வருடம் 700, இரண்டாவதில் 1,050.

முதல் ஆஃபரில் ரூம் வாடகையும் சாப்பாடும் உங்கள் கையில் இருந்து போகும். 800க்குள் இரண்டையும் முடித்தாலும் மிஞ்சுவது 1,000தான். இரண்டாவதில் 1,500 அப்படியே நிற்கும். வீட்டாரிடம் இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுங்கள்.

ஆனால் இரண்டாவதற்கு ஓம் சொல்ல முன் இன்னொன்றையும் பாருங்கள். விசாவில் யார் பெயர் வருகிறது? நீங்கள் வேலை செய்யப்போகும் கம்பனியின் பெயரா, ஆள் சப்ளை பண்ணும் கம்பனியின் பெயரா? சப்ளை கம்பனி கூடாது என்று நான் சொல்லவில்லை. முதல் வேலை பலருக்கு அதில்தான் கிடைக்கிறது. ஆனால் ஒரு புராஜெக்ட் முடிந்து அடுத்தது வரும் வரை ரூமில் இருக்க வைத்துவிட்டு, 'வேலை இல்லை, சம்பளம் இல்லை' என்பார்கள். ஆகவே, வேலை தராத நாட்களுக்கும் பேசிக் உண்டு என்று ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இதைக் கேட்டதும் ஏஜென்சிக்காரர் முகம் மாறினால், அதுதான் உங்களுக்குரிய பதில்.

காத்தான்குடி: விசிட் விசாவில் டுபாய் போய் அங்கே வேலை தேடினால் சுகம் என்கிறார்கள். ஏஜென்சியே அப்படித்தான் அனுப்புகிறது.

விசிட் விசாவில் அனுப்புவது வேலைக்கு அனுப்புவது ஆகாது. ஒப்பந்தம் இல்லை, காப்புறுதி இல்லை, சம்பளம் தராவிட்டால் தொழில் அமைச்சில் சொல்லவும் வழி குறைவு. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன நம் நாட்டுப் பிள்ளைகள் மியன்மாரின் மியாவடிப் பக்கத்தில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டு, பிறகு மீட்கப்பட்டது எல்லோருக்கும் தெரியும். டுபாய் அந்த இடம் இல்லைதான். ஆனாலும் வேலை செய்வதற்கான அனுமதி இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். ஐக்கிய அரபு இராச்சியத்தின் புதிய தொழில் சட்டம் 2022 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆள் சேர்க்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக்கூடாது என்று அதில் தெளிவாகவே இருக்கு. அங்குள்ள கம்பனிக்கு நீங்கள் வேண்டும் என்றால் விசா எடுத்துத் தருவது அவர்கள் வேலை.

திருக்கோவில்: கொரியாவுக்கு எந்த ஏஜென்சி நல்லது?

எந்த ஏஜென்சியும் இல்லை. கொரிய அரசின் வேலை அனுமதித் திட்டத்தில் பியூரோ மட்டும்தான் அனுப்பும், கொரிய மொழிப் பரீட்சை எழுதித்தான் போக முடியும். 'உள்ளே ஆள் இருக்கு' என்று காசு கேட்பவர் பொய் சொல்கிறார்.

கல்குடா, பாசிக்குடா ஹோட்டலில் ஸ்டுவர்ட்: மாலைதீவில் ஒரு வருட ஒப்பந்தம். சம்பளம் குறைவாகத் தெரியுது, ஏஜென்சி 'சேர்விஸ் சார்ஜ் வரும்' என்று சொல்கிறது.

மாலைதீவு ரிசோர்ட்டுகளில் சேர்விஸ் சார்ஜ், அதாவது விருந்தினரின் பில்லில் சேர்த்து வாங்கி ஊழியர்களுக்குப் பிரிக்கும் காசு, உண்மையிலேயே பெரிய வருமானம், அது பொய் இல்லை. ஆனால் சீசனுக்குச் சீசன் ஏறி இறங்கும். ஆகவே 'போன வருடம் மாதா மாதம் எவ்வளவு வந்தது?' என்று கேளுங்கள். முடிந்தால் அதே ரிசோர்ட்டில் வேலை செய்யும் யாராவது ஒருவரிடம் கேளுங்கள், பாசிக்குடாவில் விசாரித்தால் ஆள் கிடைக்கும். ஆட்கள் குறைவாக வரும் மாதத்தின் தொகையை வைத்து வீட்டுச் செலவைக் கணக்குப் போடுங்கள். சம்பளம் டொலரிலா என்பதையும் கடிதத்தில் பாருங்கள்.

வாகரை, ஒரு சகோதரி: சவூதி வீட்டு வேலைக்குப் போனால் கையில் 3 லட்சம் தருவதாக ஒரு அம்மா சொல்கிறா. கடன் இருக்கு. வாங்கலாமா?

தங்கச்சி, அந்தக் காசு யாரும் இனாமாகத் தருவதல்ல. உங்களை எடுக்கும் வீட்டுக்காரர் ஏஜென்சிக்குக் கட்டும் பணத்தில் இருந்து வருவது. வாங்கிய பிறகு அந்த வீடு சரியில்லை என்று திரும்ப நினைத்தால், 'காசைத் திருப்பித் தா' என்று உங்களைத்தான் நெருக்குவார்கள். கடன் இருக்கும்போது இந்தப் பேச்சு எவ்வளவு இழுக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கேட்கிறேன், காசைக் கையில் வாங்கும் முன் பிரதேச செயலகத்துக்கு ஒருமுறை போங்கள். பிள்ளைகள் இருந்தால் அதற்கான விதிகளை அவர்கள் சொல்வார்கள். பியூரோவின் பயிற்சியைத் தவிர்த்துவிட்டுப் போகலாம் என்று யாராவது சொன்னால் போக வேண்டாம். வீட்டுக்காரரின் பெயர், ஊர், போன் இலக்கம், எத்தனை பேர் உள்ள வீடு, ஓய்வு நாள் எது, இவை எழுத்தில் வேண்டும். அவற்றில் ஒரு பிரதி அம்மாவிடமோ அக்காவிடமோ இருக்கட்டும்.

அக்கரைப்பற்று: இங்கே கையெழுத்து வைத்த ஒப்பந்தம் ஒன்று, அங்கே போனதும் வேறொன்றை நீட்டுகிறார்கள் என்கிறார்களே. அப்போது என்ன செய்வது?

இது நடக்கிறதுதான். கட்டார் என்றால், விமானம் ஏற முன்பே கொழும்பில் உள்ள கட்டார் விசா நிலையத்தில் கைரேகை, மெடிக்கல், ஒப்பந்தக் கையெழுத்து எல்லாம் ஒரே இடத்தில் நடக்கும். அங்கே வரும் ஒப்பந்தத்தையும் ஏஜென்சி தந்த ஆஃபரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பதவிப் பெயர், பேசிக், ரூம், சாப்பாடு ஆகிய நாலையும் ஒப்பிடுங்கள். எலக்ட்ரீஷியன் என்று சொல்லிவிட்டு அங்கே லேபர் என்று இருந்தால் கையெழுத்து வைக்காமல் எழுந்து வாருங்கள். அந்த நிலையத்துக்கு வெளியே வந்த பிறகு திருத்துவது மிகவும் கஷ்டம்.

அங்கே போன பிறகு வேறு தாளை நீட்டினால், 'வாசித்துவிட்டு நாளைக்குத் தருகிறேன்' என்று சொல்லிப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். தூதரகத்தின் தொழில் பிரிவில் முறையிடலாம். இங்கே இருந்து வீட்டார் பியூரோவில் முறைப்பாடு கொடுக்கலாம். நீங்கள் போக முன் பியூரோவில் பதிந்திருந்தால் அந்த முறைப்பாட்டுக்குப் பலம் அதிகம். கம்பனி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டால் பயப்பட வேண்டாம். வதிவிட அனுமதி எடுக்கும் வேலைகள் முடிந்ததும் அதைத் திருப்பித் தர வேண்டும் என்று கட்டார் சட்டத்தில் இருக்கு. 2020இல் இருந்து, பழைய முதலாளியின் அனுமதிக் கடிதம் இல்லாமலே உரிய முன்னறிவித்தல் கொடுத்து அங்கே வேறு கம்பனிக்கு மாறவும் முடியும்.

ஒப்பந்தம், விசா, ரசீது, பியூரோப் பதிவு ஆகியவற்றின் படங்கள் உங்கள் போனில் மட்டும் இருந்தால் போதாது. போன் தொலையும், உடையும். வீட்டில் விவரம் தெரிந்த ஒருவரின் போனுக்கும் அனுப்பிவிட்டுப் புறப்படுங்கள்.